ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்கிற பிள்ளைக்கு வேறு பள்ளி தேடலாமா?

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் ஃபெயில். லீவு முடிந்து ஒரு வாரம் போனான். ஒருநாள் எழுந்து பாடம் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவன் திக்கித் திணற, வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து போகமாட்டேன் என்கிறான். எழுப்பினால் வயிற்றுவலி. வற்புறுத்தினால் வெளியே ஓடிவிடுகிறான். தீபாவளிக்குப் பிறகு பச்சைத் தேயிலை எடுக்கும் பிக்கப் வண்டியில் மூட்டை ஏற்றப் போகிறான், கையில் காசு பார்த்துவிட்டான். பள்ளியில் டீ.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். ‘படிப்பு ஏறலைன்னா தொழில் கத்துக்கட்டும்’ என்கிறார் அவன் அப்பா. கோயம்புத்தூரில் கண்டிப்பான ஹாஸ்டல் ஒன்று இருக்கிறது என்கிறார் பெரியப்பா. இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் என் நாத்தனார், அங்கே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே தனிப் பள்ளி உண்டு என்கிறார். நம் பக்கம் அப்படி ஏதாவது இருக்கிறதா? எங்கே சேர்க்கலாம்? ராத்திரி ஒரு மணி வரை போன் பார்க்கிறான், பிடுங்கிவிடலாமா? எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. நானும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறேன்.

— ஒரு தாய், கோத்தகிரி அருகில்

பதில்:

அன்புள்ள அம்மா,

நீங்கள் கேட்டவற்றில் ஒன்றுக்கு மட்டும் அவசரமாகப் பதில் சொல்லியாக வேண்டும். டீ.சி. வாங்காதீர்கள். எவ்வளவு தன்மையாகச் சொன்னாலும் வாங்காதீர்கள். எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெற்றோரே கேட்டு வாங்கிக்கொண்டால் அது நீக்கம் என்று கணக்கில் வராது. பதிவேட்டில் பெயர் இருக்கிறவரை அவன் அந்தப் பள்ளியின் மாணவன், ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. பெயரை எடுத்துவிட்டால் அந்தக் கடமையும் போய்விடும். அப்புறம் அவனைத் தேடி வர யாரும் இருக்க மாட்டார்கள்.

அதற்காகப் பள்ளியோடு சண்டைக்குப் போக வேண்டாம். ‘என் மகன் திரும்ப வருவான். அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக் கொண்டுவர உங்கள் உதவி வேண்டும்’ என்று ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கி பத்திரமாக வையுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.

இனி உங்கள் நாத்தனார் சொன்ன விஷயம். அவர் சொல்வது உண்மைதான். இங்கிலாந்தில் ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிரந்தரமாக நீக்கினால், ஆறாவது பள்ளி நாளுக்குள் அவனுக்கு வேறு இடத்தில் முழுநேரப் படிப்புக்கு உள்ளாட்சி நிர்வாகம் ஏற்பாடு செய்தாக வேண்டும். நீக்கப்பட்டவர்கள் மட்டுமல்லாமல், உடல்நலமோ மனநலமோ சரியில்லாமல் பள்ளிக்குப் போக முடியாதவர்களும் அந்த மாற்றுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். வாரத்தில் சில நாள் அங்கே, மீதி நாள் சொந்தப் பள்ளியில் என்று இரண்டிலும் படிக்கிற பிள்ளைகளும் உண்டு. வகுப்பில் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். அதே சமயம், அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்றும் நினைத்துவிடாதீர்கள். அந்தப் பள்ளிகளில் படித்து, பதினாறு வயதில் எழுதும் தேர்வில் ஆங்கிலத்திலும் கணக்கிலும் நல்ல தேர்ச்சி பெறுகிறவர்கள் மிகக் குறைவு. தற்காலிகம் என்று போன பிள்ளை பழைய பள்ளிக்குத் திரும்பாமலே போவதும் நிறைய நடக்கிறது.

அதே வடிவில் ஒரு பள்ளியைக் கோத்தகிரியில் உங்களுக்குக் கைகாட்ட என்னால் முடியாது. கூடலூரில் வித்யோதயா பள்ளி இருக்கிறது. அது பழங்குடிப் பிள்ளைகளுக்கானது, அவர்களுக்கு அது பெரிய துணை. உங்கள் மகனுக்குப் பொருந்துவது அரசின் சிறப்புப் பயிற்சி. இடையில் நின்ற பிள்ளையை அவன் வயதுக்குரிய வகுப்பிலேயே வைத்துக்கொண்டு, விட்டுப்போன பாடத்துக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதும் அதே கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. குறைந்தது மூன்று மாதம், தேவைப்பட்டால் இரண்டு வருடம் வரை. இதைக் கேட்டுப் பெறலாம் என்பதே நிறையப் பெற்றோருக்குத் தெரியாது. கல்வித் துறையின் கோத்தகிரி வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர்களும் சிறப்பாசிரியர்களும் இருக்கிறார்கள். நேரில் போய், ‘என் பையன் காலாண்டுக்குப் பிறகு பள்ளிக்குப் போகவில்லை, சிறப்புப் பயிற்சி வேண்டும்’ என்று சொல்லுங்கள். போக முடியாவிட்டால் 14417 என்ற கல்வி உதவி எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நான் இந்த மலையில் இப்படிப்பட்ட பிள்ளைகளோடுதான் வேலை செய்துவருகிறேன். முதலில் கூடலூர், பந்தலூர் பக்கம், இப்போது குன்னூரில். நின்றுபோன பிள்ளை திரும்பிப் படிக்க வந்த இடங்களிலெல்லாம் நான் கண்டது ஒன்றுதான். பிள்ளை உண்மையில் எந்தப் படியில் நிற்கிறான் என்று ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பார்த்திருப்பார், அந்தப் படியிலிருந்தே தொடங்கியிருப்பார், அவன் வராத நாளில் அவரே போன் செய்து கேட்டிருப்பார். இது நடக்காத இடம் எவ்வளவு பெரிய கட்டடமாக இருந்தாலும் பிள்ளை அங்கே தங்குவதில்லை. இது நடக்கிற இடம் ஒரு வீட்டுத் திண்ணையாகவே இருக்கலாம். அதனால் ‘எங்கே சேர்ப்பது’ என்பதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். ‘யார் அவனோடு உட்காரப்போகிறார்’ என்பதுதான் முதலில் முடிவாக வேண்டும்.

பெரியப்பா சொல்லும் ஹாஸ்டல் வேண்டாம். ஹாஸ்டலே கூடாது என்று நான் சொல்லவில்லை. பந்தலூர், சேரம்பாடி பக்கம் பல பிள்ளைகள் படிப்பை விட்டதற்குத் தூரமும் யானையும்தான் காரணம். காலையில் எஸ்டேட் பாதையில் யானை நின்றால் அன்றைக்குப் பள்ளி கிடையாது. ஜூலை மழையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டால் அந்த வாரமே போச்சு. அப்படிப்பட்ட பிள்ளைகளை உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்த பிறகு அவர்கள் கிடுகிடுவென்று படித்து மேலே வந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தடை பாதையில் இருந்தது. உங்கள் மகனுக்குத் தடை புத்தகத்தில் இருக்கிறது. கோயம்புத்தூருக்குப் போனாலும் அதே புத்தகம்தான். இங்கே வகுப்பில்தான் சிரித்தார்கள். அங்கே படுக்கிற அறையிலும் சிரிப்பார்கள், சாயங்காலம் வந்து கதவைச் சாத்திக்கொள்ள வீடும் இருக்காது. கண்டிப்புக்குப் பயந்து உட்காருவானே தவிர, தெரியாத எழுத்து பயத்தால் தெரிந்துவிடாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். வற்புறுத்தினால் வெளியே ஓடுகிற பையன், ஹாஸ்டலிலிருந்தும் ஓடுவான். அங்கிருந்து ஓடினால் வீட்டுக்குத்தான் வருவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இப்போது அவனுடைய வாசிப்புக்கு வருவோம். என் மனதில் இருப்பது இதுதான்.

நீங்கள் எழுதியதில் ‘எழுந்து படிக்கச் சொன்னார்கள், திணறினான்’ என்ற வரியில்தான் எல்லாமே இருக்கிறது என்று நினைக்கிறேன். அது எந்தப் பாடம் என்று நீங்கள் எழுதவில்லை. ஆங்கிலமாக இருந்தால் ஒரு மாதிரி, தமிழாக இருந்தால் வேறு மாதிரி. அவனுக்குத் தமிழ் வாசிக்க வருகிறதா என்று பாருங்கள். ‘எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தமிழ் வாசிக்க வராதா’ என்று தோன்றும். வராத பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், யாரும் கண்டுபிடிக்காமல் எட்டாவது வரை வந்துவிடுகிறார்கள்.

பந்தலூர்ப் பக்கம் சிறப்புப் பயிற்சி மையத்தில் என்னிடம் வந்த ஒரு பையனைச் சொல்கிறேன். அவனுக்கும் உங்கள் மகன் வயதுதான். அவனுடைய நோட்டுகளைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. முத்து முத்தான கையெழுத்து. ஒரு மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னேன். வரியின் அடியில் விரலை வைத்தான். முதல் இரண்டு சொல் சரியாக வந்தது. மூன்றாவது சொல் ‘கொட்டகை’. அவன் ‘கெரட்டகை’ என்று படித்தான். எனக்கு முதலில் புரியவில்லை, மறுபடி படிக்கச் சொன்னேன். மறுபடியும் ‘கெரட்டகை’. அப்புறம்தான் விளங்கியது. முன்னால் இருக்கிற கொம்பைப் பார்த்து ‘கெ’ என்கிறான், பின்னால் இருக்கிற காலை ‘ர’ என்கிறான். கொம்பும் காலும் சேர்ந்து ஒரே ஒலி என்பது அவனுக்கு ஒன்றாம் வகுப்பில் பதியவில்லை. அதற்குப் பிறகு யாரும் திரும்பிச் சொல்லித்தரவும் இல்லை. இத்தனை வருடமும் கரும்பலகையைப் பார்த்து எழுத்துகளை வரைந்துகொண்டு வந்திருக்கிறான், எழுதவே இல்லை. செய்யுளைச் சொல்லச் சொன்னால் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்ததைக் கணீரென்று ஒப்பிப்பான். பார்க்கிறவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அந்த ஒரு சிக்கல் தீர இரண்டு வாரம் ஆனது. அதற்காக அவன் பல வருடம் ‘மக்கு’ என்ற பெயரைச் சுமந்திருக்கிறான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

உங்கள் மகனிடமும் இப்படிப் பாருங்கள். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ‘உன்னைச் சோதிக்கிறேன்’ என்று ஆரம்பித்தால் புத்தகம் மூலைக்குப் பறக்கும். ‘எழுத்து எங்கே இடிக்கிறது என்று பார்த்து அதை மட்டும் சரிசெய்துவிடலாம்’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். தனியாக உட்காருங்கள். தங்கையோ பாட்டியோ பக்கத்தில் இருக்க வேண்டாம். பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தட்டினால் இரண்டாம் வகுப்புப் புத்தகத்துக்கு இறங்குங்கள். எங்கே தட்டுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், அப்போதே திருத்த வேண்டாம். கொம்பும் காலும் சேர்கிற இடமா, ஒற்று இரட்டிக்கிற இடமா, ‘ந, ன, ண’ மாறுகிற இடமா? ஒவ்வொரு சொல்லையும் சரியாகப் படித்துவிட்டு, வரி முடியும்போது என்ன படித்தோம் என்று சொல்லத் தெரியவில்லையா? கடைசியாகச் சொன்னது வேகம் பற்றாத பிள்ளையின் அடையாளம். முதல் சொல்லை எழுத்துக்கூட்டிக் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் நினைவில் நிற்பதில்லை. வைத்தியம் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. ‘படிப்பு ஏறலை’ என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் எதற்குமே வைத்தியம் கிடையாது.

சொல்லிக்கொடுக்கிறவர் நீங்களாகவோ அவன் அப்பாவாகவோ இருக்க வேண்டாம். ஷிஃப்ட் முடிந்து வந்து, சமைத்து, அப்புறம் உட்கார்ந்தால் யாருக்கும் பொறுமை இருக்காது. உங்கள் ஊரில் கல்லூரிக்குப் போகிற அக்கா ஒருவர் இருப்பார். 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தன்னார்வலராக இருந்தவர் யாராவது பக்கத்து லைன் வீடுகளில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவர்களுக்குச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கை இருக்கும். தினமும் அரை மணி நேரம் போதும். எட்டாம் வகுப்புப் பாடத்தை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். அன்றைக்குத் தொடங்கியதை அன்றைக்கே அவன் முடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும், அது நாலு வரிக் கதையாக இருந்தாலும் சரி. ‘நாளைக்கு மீதி’ என்று தொங்கலில் விட்டால் மறுநாள் வரமாட்டான்.

கணக்கு வேறு கதை. இலை வண்டியில் இரண்டு மாதம் இருந்த பையனுக்குக் கணக்கு வராது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கேட்டுப் பாருங்கள்: மூட்டை 34 கிலோ, சாக்குக்கும் ஈரத்துக்கும் 3 கிலோ கழிவு, கிலோ 20 ரூபாய் என்றால் கைக்கு எவ்வளவு? தராசுப் பக்கத்தில் நின்ற பையன் வாயாலேயே 620 என்று சொல்லிவிடுவான். அதையே தாளில் போடச் சொன்னால் தடுமாறுவான். அப்படியென்றால் கணக்கு அவன் தலைக்குள் இருக்கிறது, தாளுக்கு வரவில்லை, அவ்வளவுதான். உங்கள் அரை ஏக்கரின் இலைக் கணக்கு நோட்டை அவன் பொறுப்பில் விடுங்கள். தேதி, எடை, கழிவு, விலை, வரவேண்டியது, வந்தது எல்லாவற்றையும் அவன் கையாலேயே எழுதட்டும். மாதக் கடைசியில் ஏஜென்ட் கொடுக்கிற கணக்கோடு ஒத்துப் பார்க்கட்டும். தப்பாகப் போட்டால் வீட்டுக்கு நஷ்டம் என்று அவனுக்குத் தெரியும், அதனால் கவனமாகப் போடுவான். சதவீதமும் சராசரியும் அந்த நோட்டிலேயே இருக்கிறது. சொல்லிக்கொடுக்கிற அக்கா அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

வயிற்றுவலி நடிப்பு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அவர் ஒன்றுமில்லை என்றாலும் வலி உண்மையாகவே இருக்கலாம். பயத்தில் வயிறு பிசைவது யாருக்கும் வருவதுதான். ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளிலும் வலி வருகிறதா என்று கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு வீட்டில் பள்ளிப் பேச்சை எடுக்காதீர்கள். ‘பெரியப்பா பையனைப் பார்’ என்ற வாக்கியம் எந்த உருவத்திலும் வரக் கூடாது, பாட்டியிடமும் சொல்லி வையுங்கள். அரை மணி நேர வாசிப்பு மட்டும் நடக்கட்டும். யார் பேச்சையும் கேட்காமல் கதவடைத்துக்கொள்கிறான், சாப்பிட மறுக்கிறான், செத்துப்போகலாம் என்பது மாதிரி ஏதாவது சொல்கிறான் என்றால் நாள் கடத்தாதீர்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல டாக்டரைப் பாருங்கள். குழந்தைகளுக்கான 1098 எண்ணிலும் எந்த நேரமும் பேசலாம்.

வாசிப்பு கொஞ்சம் பிடிபட்டதும் பள்ளிப் பக்கம் திரும்பலாம். ஒரேயடியாகக் காலை மணியடிக்கிற நேரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் முதல் நாளே திரும்பி வந்துவிடுவான். இது உறைபனிக் காலம் வேறு. விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும்போது போர்வையை விட்டு எழுவதே பெரியவர்களுக்குக் கஷ்டம், பள்ளிக்கு பயப்படுகிற பிள்ளைக்குக் கேட்கவே வேண்டாம். தலைமையாசிரியரிடம் பேசி, முதல் வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வர அனுமதி வாங்குங்கள். சத்துணவு சாப்பிட்டுவிட்டு, விளையாட்டு வகுப்போ ஓவிய வகுப்போ இருக்கிற நாளில் அதில் இருந்துவிட்டு வரட்டும். அடுத்த வாரம் அதற்கு முந்தைய ஒரு பீரியடையும் சேர்த்துக்கொள்ளலாம், கணக்காக இருந்தால் நல்லது. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து காலை வகுப்புக்கு வர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகலாம். ஆகட்டும். பஸ்ஸில் அவனோடு ஏறுகிற ஒரு நண்பன் வேண்டும். அந்த நண்பன் யார் என்று அவனையே கேளுங்கள், நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

எழுந்து படிக்கச் சொன்ன ஆசிரியரைக் குற்றவாளியாக்காதீர்கள். எல்லா வகுப்பிலும் நடப்பதுதான் அது, அவர் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். ஆனால் இரண்டு உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன்னாலேயே சொல்லாமல் அவனைச் சத்தமாகப் படிக்கச் சொல்லக் கூடாது. தாங்க முடியவில்லை என்றால் கேள்வி கேட்காமல் எழுந்து போய் உட்கார அவனுக்கு ஓர் இடம் வேண்டும், நூலகமோ ஆசிரியர் அறையோ. வராத நாளில் பத்து மணிக்குள் உங்களுக்கு போன் செய்ய ஓர் ஆசிரியர் முன்வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அரசுப் பள்ளியாக இருந்தால், 6 முதல் 9 வரை அடிப்படை வாசிப்பும் கணக்கும் பின்தங்கிய பிள்ளைகளுக்காக 2025இல் தொடங்கிய ‘திறன்’ வகுப்பில் அவனைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். தலைமையாசிரியர் ஒத்துழைக்கவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் போங்கள். அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் அந்தக் குழு உண்டு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும். உங்களைப் போல் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் போகிற தாய்மார்கள் அதில் இருப்பார்கள். தயங்காமல் பேசுங்கள்.

அவன் அப்பாவிடம் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. மகன் சும்மா திரியாமல் உழைக்கிறான் என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருக்கும். அது புரிகிறது. ஆனால் பதினான்கு வயது முடியாத பிள்ளையை வேலைக்கு வைப்பது 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி குற்றம். 2016 திருத்தத்துக்குப் பிறகு வேலைக்கு வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். வண்டிக்காரரிடம் நீங்களே போய் இதைச் சொல்லுங்கள், சொந்த ஊர்க்காரர்தானே, புரிந்துகொள்வார். சொந்தத் தோட்டத்தில் பள்ளி நேரம் போக, லீவு நாளில் கைகொடுப்பதற்குத் தடையில்லை. சனிக்கிழமை உங்கள் அரை ஏக்கரில் அவன் உழைக்கட்டும், அந்த மூட்டையை அவனே தூக்கி எடை போடட்டும். அதற்கு அப்பா வாயால் ஒரு நல்ல வார்த்தை வரட்டும். அவன் சம்பாதித்த காசைக் குத்திக்காட்டாதீர்கள். எல்லாரும் சிரித்த பிறகு, அவனை உருப்படியான ஆளாக நடத்திய ஒரே இடம் அந்த வண்டிதான்.

தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. வெல்டர், வயர்மேன் மாதிரி சில பிரிவுகளுக்கு ஐ.டி.ஐ.யில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும், வயது பதினான்கு முடிந்திருக்க வேண்டும். குன்னூரிலும் கூடலூரிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அதாவது அவர் சொல்கிற வழிக்கும் இந்த எட்டாம் வகுப்பு வேண்டும். இந்த ஏப்ரலுக்குள் அவன் பள்ளிக்குத் திரும்பிவிட்டால், தமிழ்நாட்டில் எட்டு வரை நிறுத்திவைப்பது கிடையாது என்பதால் ஒன்பதுக்குப் போய்விடலாம். முடியாமல் போனாலும் கதவு மூடிவிடாது. பன்னிரண்டரை வயது முடிந்த பிள்ளைகள் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், பதினான்கரை வயதில் பத்தாம் வகுப்பையும் அப்படியே எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியிலும் பத்தாம் வகுப்பு உண்டு. அதில் ஒவ்வொரு பாடமாகத் தேறலாம், ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்ப்பு தருகிறார்கள். ஆனாலும் என் அபிப்பிராயம், முதலில் பள்ளிதான். தனித்தேர்வு என்றால் வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். வாசிக்கச் சிரமப்படுகிற பிள்ளைக்கு அது இன்னும் கடினம்.

மூன்று மாதம் விடாமல் சொல்லிக்கொடுத்தும் எழுத்துகள் மாறிக்கொண்டே இருந்தால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லி வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைக் கேளுங்கள். டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாட்டுக்கும் அறிவுக்கும் சம்பந்தம் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதையும் சேர்த்திருக்கிறார்கள். சான்றிதழ் கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுத ஒருவரும், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கும் கேட்கலாம். அந்தத் தாளை வாங்க வெட்கப்பட்டுக்கொண்டு பத்தாவது வரை காத்திருந்து, கடைசி நேரத்தில் ஓடுகிற பெற்றோர் நிறைய. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

கடைசியாக போன். பிடுங்க வேண்டாம். இப்போது அவனிடம் மிச்சமிருக்கிற சந்தோஷம் அது ஒன்றுதான், அதையும் பிடுங்கினால் இத்தனை வேலைக்கும் அவன் எதிரியாகிவிடுவான். ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் இருக்கிற எல்லாப் போனும், உங்களுடையதும் அவன் அப்பாவுடையதும் சேர்த்து, அவன் படுக்கிற அறைக்கு வெளியே ஓரிடத்தில் சார்ஜுக்குப் போய்விட வேண்டும். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றால் முணுமுணுப்பான், ஆனால் வைப்பான். அதற்குள் இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். அவன் யூடியூபில் எழுதித் தேடுகிறானா, மைக்கை அழுத்திப் பேசித் தேடுகிறானா? நண்பர்களுக்கு வாட்ஸாப்பில் எழுதி அனுப்புகிறானா, எல்லாமே வாய்ஸ் மெசேஜ்தானா? எப்போதும் குரல்தான், எழுத்தே இல்லை என்றால், வட்டார வள மையத்துக்குப் போகிற முதல் நாளே அவன் மதிப்பெண்ணைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்.